சனிக்கிழமை ‘ரூம் இல்லை’... செவ்வாய்க்கிழமை ‘வாங்க சார் வாங்க’! ஊட்டி லாட்ஜ் கணக்கு சொல்லும் கொரோனாவுக்கு பிந்தைய கதை

ஊட்டி:

மலைகளின் ராணி ஊட்டிக்கு லீவு நாளில், அதுவும் சனிக்கிழமை சாயங்காலம் வந்து இறங்கி சேரிங்கிராஸ் பக்கம் ரூம் கேட்டால் பாதி இடத்தில் கையை விரிப்பார்கள். ‘ரூம் இல்லை’ என்று அட்டையில் எழுதி வாசலிலேயே தொங்க விட்டிருப்பார்கள். ரோடு முழுக்க கார். கமர்சியல் ரோட்டில் நடக்கவே இடம் இருக்காது.

இதை பார்த்து விட்டு ஊர் திரும்புகிறவர்கள், "கொரோனாவெல்லாம் எப்பவோ போச்சு, ஊட்டி பழையபடி நிமிர்ந்துடுச்சு" என்று சொல்வது வழக்கம்.

அதே லாட்ஜுக்கு சீசன் இல்லாத மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி 9 மணிக்கு போய் பார்த்தால் கதை வேறு. மாடியில் ஒன்றிரண்டு ஜன்னலில் மட்டும் லைட் எரியும். ரிசப்ஷனில் ஒருவர் ஸ்வெட்டரை இழுத்து மூடிக்கொண்டு டி.வி. பார்த்துக்கொண்டு இருப்பார். ரூம் சாவிகள் பலகையில் வரிசையாக தொங்கும்.

ஒரு ஊர் பொருளாதாரம் நிமிர்ந்ததா, நொண்டுகிறதா என்று தெரிந்துகொள்ள லாட்ஜ் ரூம் கணக்கை பார்ப்பது உலகம் முழுக்க உள்ள பழக்கம். ஆனால் எந்த நாள் கணக்கை பார்க்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஏன் ரூம் கணக்கு?

கடையில் இன்று விற்காத சோப்பை நாளை விற்கலாம். கேரட் கூட ஒரு நாள் தாங்கும். இன்று ராத்திரி காலியாக கிடந்த ரூமை நாளைக்கு விற்க முடியாது. அந்த ராத்திரி போனால் போனதுதான்.

அதனால்தான் 100 ரூம் இருந்தால் அதில் எத்தனை ரூமில் ஆள் தங்கினார்கள் என்று தினமும் கணக்கு போடுகிறார்கள். 100-க்கு 60 ரூமில் ஆள் இருந்தால் 60 சதவீதம். அவ்வளவுதான் விஷயம்.

இந்தியாவில் 2019-ம் ஆண்டு பெரிய ஓட்டல்களில் சராசரியாக 3-ல் 2 பங்கு ரூம்கள் நிரம்பின. கொரோனா வந்த 2020-ல் அது 3-ல் 1 பங்காக சரிந்தது. அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கு 2019-ல் 66 சதவீதமாக இருந்த கணக்கு, 2020-ல் 44 சதவீதமாக விழுந்தது.

வெளிநாட்டுக்காரர்களை நம்பிய ஊர்களுக்கு அடி இன்னும் பலம். இந்தியாவுக்கு 2019-ல் வந்த வெளிநாட்டு பயணிகள் சுமார் 1 கோடியே 9 லட்சம் பேர். 2020-ல் சுமார் 27 லட்சம். 2021-ல் சுமார் 15 லட்சம்தான். ஊட்டிக்கு வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் தமிழ்நாடு, கேரளா, கர்நாடகாக்காரர்கள் என்பதால் கதவு திறந்ததும் கூட்டம் சீக்கிரம் வந்து விட்டது. அந்த மட்டும் இந்த ஊர் தப்பித்தது.

பூட்டிய கதவு

2020 மார்ச் 3-வது வாரத்திலேயே சுற்றுலா இடங்களை மூடி விட்டார்கள். 25-ந் தேதி முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. ஏப்ரல், மே சீசனை நம்பி கடன் வாங்கி பெயிண்ட் அடித்து, புது மெத்தை வாங்கி போட்டிருந்த லாட்ஜ்காரர்களுக்கு ஒரு ராத்திரி வாடகை கூட கிடைக்கவில்லை.

ஊட்டி மலர் கண்காட்சி எண்ணிக்கையை பார்த்தாலே அந்த இடைவெளி தெரியும். 2019 மே மாதம் நடந்தது 123-வது கண்காட்சி. அடுத்த 124-வது கண்காட்சி நடந்தது 2022 மே மாதம்தான். முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் மே 20-ந் தேதி தொடங்கி வைத்தார். நடுவில் 2 வருஷம் எண்ணிக்கையே நகரவில்லை.

2020 செப்டம்பரில் ஓட்டல், லாட்ஜுகளை திறக்க அரசு அனுமதி கொடுத்தது. மற்ற மாவட்டங்களுக்கு போக இ-பாஸ் தேவை இல்லை என்று ஆன பிறகும், வெளியூர்க்காரர்கள் நீலகிரிக்கு ஏற இ-பாஸ் வேண்டும் என்ற நிலை நீடித்தது. மலை ரெயில் அந்த வருஷ கடைசி நாளில்தான் ஓடியது. 2021 ஏப்ரலில் 2-வது அலை வந்து மறுபடியும் எல்லாம் மூடல். தாவரவியல் பூங்கா ஆகஸ்ட் மாதம் திறந்தது. மலை ரெயில் செப்டம்பரில் வந்தது.

ஆக, 2 சீசன் மொத்தமாக போச்சு. சீசனில் சம்பாதித்து மழைக்காலத்தில் சாப்பிடுகிற ஊருக்கு இது சாதாரண அடி இல்லை.

திடீர் கூட்டம் ஏமாற்றியது

கதவு திறந்த கொஞ்ச நாளில் ஒரு வேடிக்கை நடந்தது. வார நாட்களிலும் ரூம் நிரம்ப ஆரம்பித்தது. காரணம் சிம்பிள். பள்ளிக்கூடம் இல்லை. ஐ.டி. கம்பெனிக்காரர்களுக்கு வீட்டில் இருந்தே வேலை. பெங்களூரு வீட்டில் உட்கார்ந்து லேப்டாப் தட்டுவதை ஊட்டியில் உட்கார்ந்து தட்டலாமே என்று குடும்பத்தோடு கிளம்பி வந்தார்கள். வை-பை நன்றாக இருக்கிற காட்டேஜுக்கு மவுசு கூடியது.

அப்போது கணக்கு போட்டவர்களுக்கு எல்லாம் சரியாகி விட்டது போல தெரிந்தது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பர் 1-ந் தேதி பெரிய வகுப்புகளும், நவம்பர் 1-ந் தேதி சின்ன வகுப்புகளும் திறந்தன. கம்பெனிகளும் ஆட்களை திரும்ப கூப்பிட்டன. செவ்வாய்க்கிழமை மறுபடியும் காலி.

இன்னொரு வகை நிரம்பலும் இருந்தது. 2020-ல் சென்னையில் சில ஓட்டல்களில், வெளிநாட்டில் இருந்து விமானத்தில் வந்தவர்களை காசு கட்டி தனிமையில் தங்க வைத்தார்கள். ரூமில் ஆள் இருந்தார்கள், உண்மைதான். ஆனால் அவர்கள் வெளியே வந்து டீ கூட குடிக்கவில்லை. ஆட்டோ ஏறவில்லை. அந்த ரூம் நிரம்பியதால் தெருவுக்கு ஒரு பைசா வரவில்லை.

ஒரு வார கணக்கு

ஒரு பேச்சுக்கு 40 ரூம் உள்ள லாட்ஜ் என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை 40 ரூமும் புல். வெள்ளி 30. ஞாயிறு 16. திங்கள் 6, செவ்வாய் 5, புதன் 6, வியாழன் 9.

மொத்தம் கூட்டினால் 112. ஒரு வாரத்துக்கு அந்த லாட்ஜ் விற்க வேண்டியது 280. 40 சதவீதம்தான் வருகிறது. சனிக்கிழமை வாசலில் ‘ரூம் இல்லை’ அட்டை தொங்கிய அதே லாட்ஜின் கணக்கு இது.

கரண்ட் பில், வாட்ச்மேன் சம்பளம், பேங்க் வட்டி எல்லாம் 7 நாளும் ஓடும். வாடகை 2 நாள்தான் ஓடும். ஊட்டியில் சீசன் நாளில் ரூம் வாடகை 2 மடங்கு, 3 மடங்கு ஏறுகிறதே என்று வெளியூர்க்காரர்கள் திட்டுவதற்கும், லாட்ஜ்காரர்கள் "மீதி நாளை யாரு சார் பாக்குறது?" என்று கேட்பதற்கும் காரணம் இதுதான். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் 3 மடங்கு கொஞ்சம் ஓவர்தான்.

கணக்கில் நடக்கும் தில்லுமுல்லு

சதவீதம் என்றாலே அதில் மறைக்க வழி உண்டு. கொரோனா நேரத்தில் வேலை இல்லாமல் சொந்த ஊருக்கு போன ஆட்கள் எல்லாரும் திரும்பவில்லை. ஒடிசா, ஜார்கண்ட் பக்கம் இருந்து வந்து வேலை பார்த்தவர்களும் அதில் உண்டு. ஆள் இல்லாமல் ஒரு மாடியையே பூட்டி வைக்கும் நிலைமையும் லாட்ஜுகளுக்கு வரும்.

இப்போது கணக்கை பாருங்கள். 40 ரூமில் 10 ரூமுக்கு பூட்டு. 24 ரூமில் ஆள் இருக்கிறது. திறந்திருக்கிற 30 ரூமுக்கு கணக்கு போட்டால் 80 சதவீதம், சூப்பர். கட்டிடத்தில் உள்ள 40 ரூமுக்கு போட்டால் 60 சதவீதம். இரண்டுமே சரியான கணக்குதான். எதை சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்தது வாடகை. 2 ஆயிரம் ரூபாய் ரூமை ஆயிரத்துக்கு விட்டால் நிரப்புவது கஷ்டம் இல்லை. ஆயிரம் வீதம் 30 ரூம் போனால் 30 ஆயிரம். 2 ஆயிரம் வீதம் 20 ரூம் போனால் 40 ஆயிரம். கூட்டம் அதிகம் உள்ள லாட்ஜில் பணம் கம்மி. வருமானத்தை இருக்கிற 40 ரூமுக்கும் பங்கு போட்டு பார்த்தால் முதல் லாட்ஜுக்கு ரூமுக்கு 750, இரண்டாவது லாட்ஜுக்கு ஆயிரம். விவரம் தெரிந்த முதலாளிகள் பார்ப்பது இந்த கடைசி கணக்கைத்தான்.

நீலகிரியில் இன்னொரு சிக்கல், கணக்கிலேயே வராத ரூம்கள். வீடு கட்ட அனுமதி வாங்கி காட்டேஜாக விடுவது இங்கு ரொம்ப நாளாக நடக்கிறது. அதிகாரிகள் அவ்வப்போது சீல் வைப்பதும் நடக்கிறது. லைசென்ஸ் உள்ள லாட்ஜ் காலியாக கிடக்கும்போது, லைசென்ஸ் இல்லாத காட்டேஜில் 4 கார் நிற்கும். இதை வைத்து ஊருக்கு கூட்டம் வரவில்லை என்றும் சொல்ல முடியாது.

மசினகுடி பக்கம் யானை வழித்தடத்தில் இருந்த ரிசார்ட்டுகள் 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவால் சீல் வைக்கப்பட்டன. 2020 அக்டோபரில் வந்த தீர்ப்பிலும் யானைக்குத்தான் வழி கிடைத்தது. ஆகவே 2019-ஐயும் அதற்கு அடுத்த வருஷங்களையும் ஒப்பிடுகிறவர்கள், மாவட்டத்தில் ரூம் குறைந்ததற்கெல்லாம் கொரோனாதான் காரணம் என்று எழுதினால் தப்பாகி விடும்.

ஒரு ரூம், பத்து பேர்

ரூம் நிரம்பினால் முதலாளிக்கு மட்டும்தானே லாபம் என்று நினைக்கலாம். அப்படி இல்லை.

ஒரு குடும்பம் ஒரு ராத்திரி தங்கினால் காலையில் ரூம் பாய் வெந்நீர் கொண்டு போகிறார். பெட்ஷீட், தலையணை உறை சலவைக்கு போகிறது. வெயிலே எட்டிப்பார்க்காத நாளில் அதை காய வைப்பது பெரும்பாடு. வெளியே வந்ததும் டீக்கடை. பிறகு தொட்டபெட்டாவுக்கு வாடகை கார். போட் ஹவுசில் குதிரைக்காரர், போட்டோக்காரர். ஊர் திரும்பும்போது வர்க்கி, சாக்லேட், தைலம்.

காலையில் வந்து சாயங்காலம் இறங்குகிறவர்கள் இதில் பாதி கூட செய்வதில்லை. கட்டுச்சோறு கொண்டு வந்து பூங்காவை பார்த்து விட்டு போய் விடுவார்கள். அது அவர்கள் தப்பு இல்லை, கையில் இருக்கிற காசு அவ்வளவுதான். ஆனால் பூங்கா டிக்கெட் எத்தனை விற்றது என்ற கணக்கை விட, எத்தனை பேர் ராத்திரி தங்கினார்கள் என்ற கணக்கு ஊர் வருமானத்துக்கு பக்கத்தில் இருப்பது இதனால்தான்.

விவரம் தெரிந்த ஊர்க்காரர்களுக்கு சதவீதம் எதுவும் தேவை இல்லை. சலவைக்கு போகிற மூட்டை எத்தனை என்று பார்த்தாலே சொல்லி விடுவார்கள்.

தேயிலை சொன்ன வேறு கதை

இதற்கு நேர்மாறாக ஒன்றும் நடந்தது. அதை சொல்லாமல் விட்டால் கணக்கு முழுமை ஆகாது.

2020-ல் லாட்ஜெல்லாம் பூட்டி கிடந்த அதே ஆகஸ்ட், செப்டம்பரில் தேயிலைக்கு பல வருஷமாக இல்லாத விலை கிடைத்தது. ஊரடங்கில் நாடு முழுவதும் உற்பத்தி குறைந்ததால் குன்னூர் ஏலத்தில் விலை ஏறியது. பச்சை தேயிலை கிலோ 10, 12 ரூபாய்க்கு போகிறதே என்று வருத்தப்பட்டுக்கொண்டு இருந்த சிறு விவசாயிகள் கையில் அந்த நேரம் காசு புழங்கியது. கோத்தகிரி, மஞ்சூர் பக்கத்து கிராமங்களில் பழைய கடன் அடைத்தவர்கள் கூட உண்டு.

லாட்ஜ் ரூம் கணக்கை மட்டும் வைத்து அன்றைக்கு நீலகிரியை எடை போட்டிருந்தால் மாவட்டமே செத்து விட்டது என்றுதான் முடிவு வந்திருக்கும். ஊட்டி டவுனுக்கு அது சரி. கிராமத்துக்கு தப்பு. அதன்பிறகு சுற்றுலா நிமிர்ந்தபோது தேயிலை விலை மறுபடியும் கீழே இறங்கி, விவசாயிகள் கட்டுப்படியான விலை கேட்டு போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். ஒரே மாவட்டத்தில் ஒருவருக்கு விடிந்தபோது இன்னொருவருக்கு இருட்டியது.

ஆயிரம் ரூபாய்க்கு உட்பட்ட ரூம்

கொரோனாவுக்கு பிறகு முதலில் எழுந்தது பெரிய ரிசார்ட்டுகள். சொந்த கார் உள்ளவர்கள், கூட்டம் இல்லாத இடம் வேண்டும் என்று கேட்டவர்கள் அங்கு போனார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் 600, 800 ரூபாய்க்கு ரூம் விடுகிற லாட்ஜுகள் மெதுவாகத்தான் எழுந்தன. அங்கு வருகிறவர்கள் தினக்கூலி, பனியன் கம்பெனி, மில் தொழிலாளர் குடும்பங்கள். 2 வருஷம் ஓவர்டைம் இல்லாமல், நகையை அடகு வைத்து சாப்பிட்டவர்களுக்கு சுற்றுலா ஞாபகம் கடைசியில்தான் வரும்.

அந்த நேரம் பார்த்து 2022 ஜூலை 18-ந் தேதி முதல் ஆயிரம் ரூபாய்க்கு குறைந்த ரூமுக்கும் 12 சதவீத ஜி.எஸ்.டி. போட்டார்கள். அதற்கு முன்பு இந்த ரூம்களுக்கு வரி இல்லை. 900 ரூபாய் ரூமுக்கு 108 ரூபாய் கூடுதல். ஜி.எஸ்.டி. பதிவு எல்லைக்கு கீழே இருக்கிற சின்ன லாட்ஜுகள் தப்பித்தன. கொஞ்சம் பெரிதாக, 30, 40 ரூம் வைத்திருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். 2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல் இந்த வரி 5 சதவீதமாக குறைக்கப்பட்டது. 900 ரூபாய் ரூமுக்கு இப்போது 45 ரூபாய்.

தொழிலாளி குடும்பம் வந்து தங்கினால்தான் நிஜமாக நிமிர்ந்தது என்று அர்த்தம். ரிசார்ட்டு நிரம்புவதை வைத்து, பணம் உள்ளவர்களிடம் பணம் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்ல முடியும். அது கொரோனா நேரத்திலும் இருந்தது.

கார் எண்ணிக்கைக்கு கட்டுப்பாடு

கூட்டம் திரும்பியதும் அடுத்த பிரச்சினை கிளம்பியது. மலை தாங்குமா என்ற கேள்வி. சென்னை ஐகோர்ட்டு உத்தரவுப்படி 2024 மே 7-ந் தேதி முதல் ஊட்டி, கொடைக்கானலுக்கு மறுபடியும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் 1-ந் தேதி முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6 ஆயிரம் வாகனம், சனி, ஞாயிறு 8 ஆயிரம் வாகனம் என்று உச்சவரம்பு போட்டார்கள்.

இதை எதிர்த்து மறுநாளே கடையடைப்பு நடந்தது. வியாபாரிகளுக்கு கொரோனா கால இ-பாஸ் ஞாபகம் வந்ததில் ஆச்சரியம் இல்லை. இன்னொரு பக்கம், ரோட்டில் 3 மணி நேரம் நின்று, குடிக்க தண்ணீர் கிடைக்காமல் திரும்புகிற பயணி அடுத்த முறை வர மாட்டார் என்பதும் உண்மை.

சனிக்கிழமைக்கு 8 ஆயிரம் என்று மூடி போட்டாகி விட்டது. இனி ஊட்டி வளர வேண்டும் என்றால் மீதி நாட்கள்தான் வழி.

செவ்வாய்க்கிழமை யார் வருவார்கள்?

மருந்து கம்பெனி ரெப், இன்சூரன்ஸ்காரர், கான்டிராக்டரின் சூப்பர்வைசர், தேயிலை ஏலத்துக்கு வருகிறவர், கல்யாணத்துக்கு வருகிற சொந்தக்காரர்கள், சினிமா ஷூட்டிங் யூனிட், புது மாப்பிள்ளை-பொண்ணு. செவ்வாய்க்கிழமை சாவி வாங்குகிறவர்கள் இவர்கள்தான்.

இவர்கள் யாரும் வெயிலுக்கு பயந்து வருகிறவர்கள் இல்லை. தொழில் நடந்தால் வருவார்கள். நடக்காவிட்டால் வர மாட்டார்கள். ஒரு ஷூட்டிங் யூனிட் வந்தால் 10 நாளைக்கு 30 ரூம் ஒரே அடியாக போகும். சாப்பாடு, வேன், ஜெனரேட்டர் என்று ஊருக்குள் பணம் இறங்கும். இதில் ரெப்கள் பாதி பேர் இப்போது வீடியோ மீட்டிங்கிலேயே வேலையை முடித்து விடுகிறார்கள். மீதி பேர் காலையில் கோவையில் இருந்து ஏறி ராத்திரிக்குள் இறங்கி விடுகிறார்கள்.

இதனால் அதிகம் அடிபட்டது ரூம் பாய்கள். முன்பு லாட்ஜிலேயே தங்கி, மாத சம்பளத்தில் இருந்த வேலை இது. கொரோனாவுக்கு பிறகு பல இடங்களில் நாள் கூலி ஆகி விட்டது. 6 பேர் பார்த்த வேலையை 3 பேர் பார்க்கிறார்கள். மீதி ஆள் சனி, ஞாயிறுக்கு மட்டும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் வரும். "தம்பி, பார்ட்டி நிறைய இருக்கு, இன்னைக்கே ஏறி வந்துடு" என்பார் மேனேஜர். கையில் ஒரு பையோடு வருவார்கள். 2 ராத்திரி தூக்கம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கடைசி பார்ட்டி ரூமை காலி செய்ததும் பெட்ஷீட்டை உருவி மூட்டை கட்டி போட்டு விட்டு, கூலியை வாங்கிக்கொண்டு மேட்டுப்பாளையம் பஸ்சில் ஏறி விடுவார்கள். திங்கள் முதல் வியாழன் வரை கீழே கொத்து வேலையோ, காய்கறி மண்டியில் மூட்டை தூக்குவதோ எது கிடைக்கிறதோ அது.